உருளை சுற்றுகிறது, கட்டை நகரவில்லை

மரம் அரைக்கும் சிப்பர் மெஷினின் வாயில் ஒரு மாங்கொம்பு பாதி நுழைந்து அப்படியே நின்றுவிட்டது. உள்ளே உருளைகள் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தன. பட்டை மட்டும் நார் நாராக உரிந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற பையன் முதலில் கையால் தள்ளிப் பார்த்தான். அப்புறம் கட்டை போடும் புனலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி, பூட்ஸ் அடியால் கொம்பின் முனையில் ஓர் உதை விட்டான். கொம்பு சட்டென்று உள்ளே போனது. அவன் கால் அதன் பின்னாலேயே புனலுக்குள் ஒரு முழம் போய்த் திரும்பியது.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மெஷின் ஓய்ந்ததும் மெஷின்காரர் அண்ணன் என்னிடம் வந்து, "என்ன தம்பி, ஒரு மாசமா இப்படித்தான் ஓட்டறோம், உதைச்சாத்தான் எடுக்குது" என்றார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த உருளைகளுக்குப் பின்னால் ஒரு கையளவு தூரத்தில் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும் தட்டில் இரண்டு கத்திகள் இருக்கின்றன. உருளை ஒரு பூட்ஸைப் பிடித்தால், அதைக் கொம்பிலிருந்து பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

இது நடந்தது 2025 ஏப்ரல் கடைசியில், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் கிழக்குப் பக்கம், சேந்த் ஆந்த்ரே ஊருக்கு வெளியே. பிப்ரவரி 28 அன்று கராஞ்சு புயல் தீவின் வடக்கில் கரையேறியதிலிருந்து இங்கே மரம் வெட்டுகிறவர்களுக்கும் அரைக்கிறவர்களுக்கும் அப்போது ஓய்வே இல்லை. மா, லிச்சி, சவுக்கு, மூங்கில் என்று விழாத மரம் இல்லை. அண்ணன் எங்கள் காரைக்கால் பக்கத்துக்காரர். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம், என் குடும்பத்தைப் போலவே. அவர் மரவேலைக் குழு வைத்திருக்கிறார், நான் டீசல் மெஷின்களும் வெல்டிங்கும் பார்க்கிறேன். அந்தப் பையன் இந்த ஊர் மலபார் பிள்ளை, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழர்களின் வழியில் வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் பிரெஞ்சு கலந்த தீவு மொழியான கிரியோல்தான் பேசுவான், தமிழ் கோயிலில் கற்றுக்கொண்ட அளவுக்கு.

மெஷின் இழுவை வண்டியில் ஏற்றிய டீசல் சிப்பர். இங்கே எல்லோரும் அதை 'ப்ருவாயேர்' என்பார்கள். 16 செ.மீ. கனம் வரை எடுக்கும் என்று தகட்டில் எழுதியிருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பல் உருளைகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஹைட்ராலிக் மோட்டார். கீழ் உருளை நிலையாக இருக்கும். மேல் உருளை ஒரு கையில் தொங்கி, கட்டையின் கனத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், இரண்டு பக்கமும் ஸ்பிரிங் அதைக் கீழே இழுத்து அழுத்தும். மெஷின் மொத்தம் ஓடிய நேரம் 1,140 மணி என்று மணிமீட்டர் காட்டியது.

கரும்புச்சாறு பிழியும் மெஷினை நினைத்துக்கொண்டால் போதும். கரும்பை முனையில் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவோம், வரிபோட்ட உருளை அதைத் தானே இழுத்துக்கொள்ளும். அந்த வரிகள் வழவழத்துப் போனால் சாறுகாரர் கரும்பைத் தள்ள ஆரம்பிப்பார். சிப்பரிலும் அதே கதைதான், தள்ளுவதற்கு இங்கே விலை அதிகம், அவ்வளவுதான்.

நான் போவதற்கு முன் நடந்தது

அண்ணன் சும்மா இருந்தவரில்லை. மார்ச் நடுவில் இழுப்பு குறையத் தொடங்கியதும் கத்திகளை மாற்றினார். நான்கு நாள் நன்றாக ஓடியது. 'கத்திதான் கோளாறு, தீர்ந்தது' என்று நினைத்தார். ஐந்தாவது நாள் பழையபடி. இன்னொரு ஜோடியைச் சாணை பிடித்து மாட்டினார். அதுவும் மூன்று நாள்தான்.

இந்த நான்கு நாள்தான் எல்லோரையும் ஏமாற்றியது. தட்டு வகைச் சிப்பரில் கத்தி சாய்வாக நிற்கிறது. கூராக இருக்கும்போது ஒவ்வொரு வெட்டிலும் கட்டையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும். ஆகவே உருளை பிடி விட்டாலும் புதுக் கத்தி அந்தக் குறையை மறைத்துக்கொண்டு ஓட்டிவிடும். முனை லேசாக மழுங்கினதும் இழுக்கும் வேலை முழுவதும் உருளையின் தலையில் விழுகிறது, அப்போதுதான் உண்மை வெளியே வரும். கத்தி மாற்றினால் சில நாள் சரியாகி மறுபடி கெடும் மெஷினைப் பார்த்தால் நான் இப்போதெல்லாம் முதலில் உருளையைத்தான் பார்க்கிறேன். அன்று எனக்கு அந்தத் தெளிவு இல்லை.

அதனால் நானும் ஒரு தவறு செய்தேன். முதல் நாள் அவசரத்தில், உருளையைத் திறந்துகூடப் பார்க்காமல், இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் நான்கு சுற்று இறுக்கிவிட்டு வந்தேன். அரை மணி நேரம் எட்டு செ.மீ. கொம்புகள் நன்றாகப் போயின. பிற்பகலில் 14 செ.மீ. மாங்கட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அழுத்தம் கூடிவிட்டதால் மேல் உருளையால் கட்டையின் மேல் ஏற முடியவில்லை, முனையிலேயே நின்று சுற்றி ஒரு குழி பறித்துவிட்டது. இன்னொரு நாள் வேலையும் இப்படியே போனது. மழுங்கின பல்லை அதிக அழுத்தத்தோடு கட்டையில் தேய்க்க விட்டால், மிச்சமிருந்த பல்லும் மெருகேறிப் போகும். அந்த இரண்டு நாள் தேய்மானத்துக்கு நான்தான் காரணம். அண்ணனிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

வழுக்குகிறதா, நிற்கிறதா

திங்கட்கிழமை முறையாகத் தொடங்கினேன். கட்டை நகரவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, உருளை சுற்றிக்கொண்டே கட்டையில் வழுக்குகிறது. இல்லை, உருளையே நின்றுபோகிறது. நிற்கிறது என்றால் எண்ணெய், பம்ப், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு, மோட்டார், தண்டைப் பூட்டும் கீ என்று ஒரு வழி. வழுக்குகிறது என்றால் பல், ஸ்பிரிங், உருளைக் கை என்று வேறு வழி. இதைப் பிரிக்காமல் ஸ்பேனரை எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது மாதிரி. முதல் நாள் நான் செய்தது அதைத்தான்.

புனலுக்குள் எட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. மேல் உருளையின் தண்டு ஒரு பக்கம் மோட்டாரில் இருக்கிறது, மறுபக்கம் பேரிங் வழியாக வெளியே ஒரு விரல் நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முனையில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டேன். ஆறடி தள்ளி நின்றாலே சுற்று எண்ண முடிகிறது. எட்டு செ.மீ. கனமுள்ள நேரான சவுக்குக் கம்பு ஒன்றைச் சரியாக மூன்று மீட்டருக்கு அறுத்தோம். உருளையின் பல் நுனி விட்டம் புதிதில் 200 மி.மீ., அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 628 மி.மீ. கட்டை உள்ளே போக வேண்டும். மூன்று மீட்டருக்கு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவு.

எண்ணும் வேலையைப் பையனிடம் கொடுத்தேன். அவன் உரக்க எண்ணினான், தமிழில். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஐந்து தாண்டியது, கம்பு பாதிகூடப் போகவில்லை. பத்து வரை தமிழில் வந்தவன் அதற்கு மேல் வராமல் 'ஓன்ஸ்' என்று பிரெஞ்சுக்குத் தாவினான். பதினொன்றில் கம்பு முடிந்தது. ஐந்தில் முடிய வேண்டியது பதினொன்று எடுத்தது. ஒரு சுற்றுகூட உருளை நிற்கவில்லை, தயங்கவும் இல்லை.

இரண்டாவது சாட்சி ஹைட்ராலிக் லைனில் இருந்தது. மோட்டாருக்குப் போகும் ஹோஸில் ஒரு டி போட்டு பிரஷர் கேஜ் மாட்டினேன். கட்டை நின்று உருளை சுற்றும்போது கேஜ் 50 பார் அழுத்தத்தைத் தாண்டவில்லை. பிறகு மோட்டார் ஹோஸை அடைத்து நொடி நேரம் அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன், 145 பாரில் ரிலீஃப் வால்வு திறந்தது. கையேட்டில் இருப்பது 150. ஆக, தர வேண்டிய பலம் பம்பிடம் இருக்கிறது, மோட்டார் அதைக் கேட்கவே இல்லை. பிடிக்க ஒன்றும் கிடைக்காத கை எதற்கு பலம் கேட்கும்? எண்ணெய் கெட்டுவிட்டது, பம்ப் போய்விட்டது என்று இந்த இடத்தில் ஆயிரம் யூரோ செலவு செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 30 யூரோ கேஜ் ஒன்று அந்தச் செலவை நிறுத்திவிடும்.

மூன்றாவது, சிராய், அதாவது வெட்டுப்பட்டு விழும் மரத்துண்டு. எல்லோர் கண்ணிலும் படுவது, யாரும் குனிந்து எடுத்துப் பார்க்காதது. உருளை சும்மா சுற்றும்போது நிமிடத்துக்கு 50 சுற்று, அதாவது 31 மீட்டர் வேகம். தட்டு 1,000 சுற்று, கத்தி இரண்டு, ஆக நிமிடத்துக்கு 2,000 வெட்டு. வகுத்தால் ஒரு சிராய் 15 மி.மீ. நீளம் வர வேண்டும். குவியலிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினேன். ஐந்து, ஆறு மி.மீ. துண்டுகள், நடுவே கோதுமை ரவை மாதிரி தூள். துண்டில் கத்தி வெட்டின முகம் வழவழப்பாகத்தான் இருந்தது, கிழியவில்லை. கத்தி மழுங்கியிருந்தால் சிராய் பிய்ந்த நாராக வரும். இங்கே வெட்டு சுத்தம், நீளம்தான் இல்லை. கட்டை மெதுவாகப் போகிறது, கத்தி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சீவுகிறது.

திறந்து பார்த்தபோது

திறப்பதற்கு முன்: எஞ்சின் நிறுத்தி, சாவியை எடுத்து என் பாக்கெட்டில் போட்டு, பேட்டரி மைனஸ் கழற்றி, தட்டு முழுதும் ஓய்ந்து நிற்கும் வரை காத்திருந்தேன். அந்தக் கனத்த தட்டு எஞ்சின் அணைந்த பிறகும் நெடுநேரம் சுற்றும், சத்தம் போய்விட்டது என்று நம்பக் கூடாது. தட்டுக்குப் பூட்டு ஊசி போட்டேன். மேல் உருளையைத் தூக்கி அடியில் இரும்புக் கட்டை முட்டுக் கொடுத்தேன், ஜாக்கியை மட்டும் நம்பவில்லை. ஸ்பிரிங்கில் இருக்கும் இழுவை கையை நசுக்கப் போதும்.

உருளை என்பது 168 மி.மீ. இரும்புக் குழாய். அதன் மேல் நீளவாக்கில் எட்டு இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் பல் வெட்டியிருக்கும். தேய்ந்த பல்லை அளக்கும்போது எல்லோருக்கும் வரும் சிக்கல், புதிதில் எவ்வளவு இருந்தது என்று தெரியாதது. பதில் அந்த உருளையிலேயே இருந்தது. இரண்டு ஓரத்திலும், பக்கத் தகட்டை ஒட்டி, ஒரு விரல்கடை அகலத்துக்குக் கட்டை படுவதே இல்லை. அங்கே பல் பிறந்தபடியே இருக்கிறது, மூலையில் தொழிற்சாலை பெயின்ட்கூட மிச்சம். வெர்னியரில் அளந்தால் 16 மி.மீ. உயரம், உச்சியில் 3 மி.மீ. தட்டை. நடுவில் மேல் உருளையில் 7 மி.மீ. மட்டும்தான் நின்றது, கீழ் உருளையில் 9. உச்சி முழுதும் உருண்டு, விரலால் தடவினால் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. நீண்ட நாள் கொத்தாத அம்மியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு தெரியும்.

ஓர மிச்சப் பல்லின் மேல் பிஸ்கட் டப்பா தகரம் ஒன்றை வைத்து ஊசியால் கோடு கீறி வெட்டி எடுத்தேன். அதுதான் பின்னால் புதுப் பல்லுக்கு அச்சு.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, சிலர் தவறவிடுவது. பல் தேய்ந்ததால் உருளையின் விட்டம் குறைந்து வேகம் குறைகிறது என்பார்கள். விட்டம் 200இலிருந்து 182 ஆனால் வேகம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது, அது தொல்லையே இல்லை. தொல்லை இடைவெளியில் இருக்கிறது. மேல் உருளை கீழே இறங்கி ஒரு நிறுத்துக் கட்டையில் உட்காரும், அப்போது இரண்டு உருளையின் பல் நுனிக்கும் இடையே புதிதில் 10 மி.மீ. விட்டிருப்பார்கள். மேலே 9 மி.மீ. போய்விட்டது, கீழே 7 போய்விட்டது. நடுவில் இப்போது 26 மி.மீ. திறப்பு. ஒரு விரல் கனக் கொம்பு, மூங்கில் நுனி, தென்னை ஓலை நடு நரம்பு எல்லாம் அந்தப் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். உருளை அதைத் தொடவே தொடாது, ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் சரி. முதலில் மெல்லிய கொம்பு எடுக்காது, கொஞ்ச நாள் கழித்துக் கனமான கட்டையும் வழுக்கும். அண்ணனிடம் கேட்டேன். "ஆமா தம்பி, முதல்ல குச்சிதான் எடுக்கல. குச்சிதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

இன்னொன்றும் கிடைத்தது. மேல் உருளைக் கையின் மூட்டில், ஊசி சுற்றும் உள்வளையமான புஷ் தேய்ந்திருந்தது. 30 மி.மீ. ஊசிக்கு 31.6 மி.மீ. துளை. கையைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது, உருளையின் ஒரு முனை மறுமுனையைவிட நான்கு மி.மீ. இறங்கி நின்றது. பல்லை மட்டும் சரிசெய்துவிட்டு இதை விட்டிருந்தால் புதுப் பல் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்

1,140 மணி நேர ஓட்டத்துக்கு இந்தத் தேய்மானம் அதிகம். சும்மா பச்சை மரம் இரும்பை இப்படித் தின்னாது. புயலுக்குப் பிறகு மூன்று வாரம் இந்த மெஷின் ரிவியேர் த்யூ மா ஆற்றங்கரையில் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்களை அரைத்திருக்கிறது. டிராக்டரில் சங்கிலி கட்டி மண்ணில் இழுத்து வந்த மரம், வெடிப்புகளிலெல்லாம் கருமணல் அடைத்தபடி. இந்தத் தீவின் மணல் எரிமலைப் பாறை உடைந்தது. அதில் இருக்கும் பச்சை ஒலிவின் மணிகள் மோஸ் என்ற கடின அளவுகோலில் 6.5 முதல் 7 வரை, சாதாரண இரும்பு நான்குக்குச் சற்று மேல். அந்த மணலோடு உருளை ஒரு முறை வழுக்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. வழுக்கினால் தேயும், தேய்ந்தால் இன்னும் வழுக்கும், அப்படியே வேகம் பிடிக்கும். இடையில் மூங்கில் வேறு நிறைய அரைத்திருக்கிறார்கள். மூங்கில் தோலிலேயே சிலிக்கா இருக்கிறது, அதோடு அது வழுக்கவும் செய்யும்.

புதுசா, பழசையே சரிசெய்வதா

பிரான்ஸிலிருந்து இரண்டு புது உருளை வரவழைக்க 1,900 யூரோ சொன்னார்கள், கப்பல் கூலியும் 'ஒக்த்ருவா' என்று இங்கே வாங்கும் கடல்வழிச் சுங்கமும் தனி. கப்பலில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு மாதம் அண்ணன் குழு உட்கார முடியாது. உட்காராமல் உதைத்துக்கொண்டே ஓட்டுவார்கள் என்பதுதான் எனக்குப் பயம். அதனால் நானே சரிசெய்கிறேன் என்றேன்.

தேய்ந்த பல்லின் மேல் கடின வெல்டிங் ராடு அடித்து ஏற்றிவிடலாமே என்று அண்ணன் கேட்டார். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஜேசிபி பக்கெட்டுக்கு அது நல்ல வேலை. உருளைப் பல்லுக்கு எனக்கு அது பிடிக்காது, இரண்டு காரணம். குரோமியம் கார்பைடு ராடு ஆறும்போது குறுக்கே மயிரிழை வெடிப்பு விழுவது அதன் இயல்பு. தடித்த தகட்டில் அது பரவாயில்லை, 10 மி.மீ. பல்லில் அந்த வெடிப்பு அடிவரை ஓடிவிடும். அடுத்தது, வெல்டிங் மணி எப்போதும் உருண்டையாகத்தான் உட்காரும். உயரம் திரும்பும், மூலை திரும்பாது. கட்டையைப் பிடிப்பது மூலைதான்.

ஆகவே பழைய பட்டைகளை கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டுப் புதுப் பட்டை வைப்பது என்று முடிவு. லெ போர் துறைமுகப் பக்கம் தகடு வெட்டும் பட்டறையில் ஹார்டாக்ஸ் 400 என்ற, தேய்மானம் தாங்கும் 10 மி.மீ. எஃகுத் தகட்டில், தகர அச்சைக் கொடுத்துப் பதினாறு பட்டை வெட்டி வாங்கினேன். பல்லுச்சி அதே 3 மி.மீ. தட்டை. பையன் அதைப் பார்த்து, இன்னும் கூராக வைக்கலாமே என்று கிரியோலில் கேட்டான். நல்ல கேள்வி. கத்தி மாதிரி கூராக வைத்தால் பல் கட்டையைப் பிடிக்காமல் அறுத்துவிடும், தனக்குத்தானே வாய்க்கால் வெட்டிக்கொண்டு அதிலேயே சுற்றும். மேலும் மரப்பட்டை உரிந்து தண்டில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் தட்டை, ஆனால் மூலை சதுரமாக, அதுதான் வேண்டும். ஒரு பட்டையின் பல்லுக்கு நேரே அடுத்த பட்டையின் பள்ளம் வருகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தேன், அப்போதுதான் கட்டையின் ஒரே கோட்டில் எல்லாப் பல்லும் விழாது.

வெல்டிங் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கெடுவது இங்கேதான். உருளைகளை வண்டியிலிருந்து கழற்றி, மோட்டாரையும் பேரிங்கையும் பிரித்துவிட்டுத்தான் பட்டறை மேஜைக்குக் கொண்டுபோனேன். வண்டியில் வைத்தே வெல்டு அடித்து, எர்த் கிளாம்ப்பைச் சேஸிஸில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போகும், குண்டுகளில் புள்ளி புள்ளியாகப் பொசுங்கும். 7018 ராடு, 3.2 மி.மீ., அடுப்பில் 350 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் காயவைத்தது. இந்தக் கிழக்குப் பக்க ஈரக்காற்றில் திறந்த பெட்டியில் கிடந்த ராடை அப்படியே எடுத்து அடித்தால் ஹைட்ரஜன் புகுந்து மறுநாள் வெல்டு ஓரத்தில் வெடிக்கும். ஒரு இடத்தில் 40 மி.மீ. மட்டும் அடித்துவிட்டு உருளையைத் திருப்பி நேர் எதிர்ப்பக்கம் 40. ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் குழாய் வாழைப்பழமாக வளைந்துவிடும். ஹார்டாக்ஸ் தகடு 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் கடினத்தை இழக்கும், அதனால் வெப்பமானியைக் காட்டிக் காட்டி, பட்டை 200ஐத் தொட்டதும் அடுத்த உருளைக்கு மாறிவிடுவேன். இரண்டு உருளைக்கும் இப்படி ஒன்றரை நாள் போனது. வேகமாக முடித்திருக்கலாம், பல் கடினம் போயிருக்கும்.

முடிந்ததும் லேத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன், 0.8 மி.மீ. ஆட்டம். நிமிடத்துக்கு 50 சுற்று ஓடும் பொருளுக்கு இது ஒன்றுமே இல்லை, பேலன்ஸ் போட வேண்டாம். மூட்டுக்குப் புது வெண்கலப் புஷ் கடைந்து போட்டோம். பேரிங் நான்கும் புதிது. ஸ்பிரிங்கைக் கையேட்டு அளவுக்குத் திருப்பித் தளர்த்தினேன். நிறுத்துக் கட்டையைப் பல் நுனிகளுக்கு நடுவே 10 மி.மீ. வருகிற மாதிரி வைத்தேன். பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் குச்சிகூட நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும், காலியாக ஓடும்போது பல்லும் பல்லும் மோதி உடையும்.

இன்னொரு சின்ன விஷயமும் சரிசெய்தேன். எஞ்சின் சுற்று குறைந்தால் உருளையைத் தானே நிறுத்தி, சுற்று ஏறினதும் மறுபடி ஓடவிடும் கட்டுப்பாடு ஒன்று இதில் இருக்கிறது. யாரோ அதன் அளவை மிகவும் மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். பிடிப்பு திரும்பினால் லேசான பாரத்துக்கே உருளை நின்று நின்று கிளம்பும். கையேட்டில் உள்ள எண்ணுக்குத் திருப்பினேன்.

எல்லாம் சேர்த்து 620 யூரோ, என் கூலி உட்பட.

மறுபடி எண்ணியது

அதே சவுக்கு, அதே மூன்று மீட்டர், தண்டு முனையில் அதே வெள்ளைக் கோடு. பையன் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு சொல்லி வாய் மூடுவதற்குள் கம்பு காணோம். சிராய் 14, 15 மி.மீ., ஓரம் சதுரமாக. ஒரு விரல் கன மூங்கில் நுனியைக் கொடுத்தேன், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. கேஜ் மாங்கட்டைக்கு 110 பார் வரை ஏறியது, மோட்டார் இப்போதுதான் வேலை செய்கிறது.

அண்ணனிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். ஆற்றங்கரை மரத்தை இழுத்து வராமல் தூக்கி வர வேண்டும், முடியாவிட்டால் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகே மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். குச்சி ஒன்று எடுக்காமல் நின்றால் அன்றைக்கே என்னைக் கூப்பிட வேண்டும். பையனிடம் எதுவும் சொல்லவில்லை, முதலில் அவன் உதைத்த அன்று நான் கத்தினது போதும். நீளமான ஒரு மரத் தள்ளுகோல் மட்டும் செய்து மெஷினில் கொக்கி போட்டு மாட்டிவைத்தேன், மரமானால் உள்ளே போனாலும் கத்தி உடையாது.

ஆகஸ்டில் 130 மணி நேரம் ஓடியபின் திறந்து பல் உயரத்தை அளந்தேன். நடுவில் 15.4 மி.மீ. வலது பக்கம் 15.1, இடது பக்கம் 15.7. புஷ் இறுக்கமாகத்தான் இருந்தது, உருளை நேராகத்தான் நின்றது. மெஷின் பக்கத்தில் போய் நின்று அவர்கள் வேலை செய்வதை அரை மணி நேரம் பார்த்தேன். சிராய் கொட்டும் லாரி எப்போதும் இடது பக்கம் நிற்கிறது, அதனால் எல்லோரும் வலது ஓரமாக நின்று வலது ஓரத்திலேயே கொடுக்கிறார்கள். லாரியைக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொன்னேன்.